ஷின்காவா சேரியும் முள்முடிக் கொடியும்

சேரிக்கு ஊழியம் செய்ய வரும் கிறிஸ்தவர்களை நாம் இரண்டு வகையாகப் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். கோடை விடுமுறையில் வந்து, பத்து நாள் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்து, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. வந்த இடத்திலேயே வீடெடுத்துத் தங்கி, அங்கேயே தலை நரைத்துப்போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைக் கிண்டல் செய்கிறோம். இரண்டாம் வகையைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். கிண்டலில் நியாயம் உண்டு. கும்பிடுவதற்கு முன்னால் மட்டும் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிடுவோம்.

வந்து போகிறவர்களின் கதையை லண்டனிலிருந்து தொடங்கலாம். கிழக்கு லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில் ஆங்கிலிக்கன் குரு சாமுவேல் பார்னெட்டும் அவருடைய மனைவி ஹென்றியட்டாவும் 1884இல் டாயின்பி ஹாலைத் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் ஏழைகளுக்கு அண்டை வீட்டுக்காரர்களாகச் சில காலம் வாழ வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் வந்தவர்கள் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அங்கே குடியேறினார்கள். பார்னெட் தம்பதியர் அந்தப் பகுதியில் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். வந்த இளைஞர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே பத்திரிகை, அரசியல், அரசுப் பதவி என்று கிளம்பிவிட்டார்கள். 1903இல் வந்த வில்லியம் பெவரிட்ஜ் 1905இல் போய்விட்டார். அதே பெவரிட்ஜ்தான் 1942இல், பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அடித்தளமான அறிக்கையை எழுதினார். ஆகவே, சிறிது காலம் வந்துபோனவர்களால் எதுவுமே விளையவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த வீடு பட்டதாரிகளுக்கு ஏறிப்போகும் படிக்கட்டாக இருந்தது. ஒயிட்சாப்பல் தொழிலாளிக்கு அப்படியொரு படிக்கட்டு அங்கே கிடைக்கவில்லை.

சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1909இல், அதே கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஜப்பானின் கோபே நகரத்தில் 21 வயது இறையியல் மாணவர் ஒருவர் தம் சாமான்களோடு ஷின்காவா சேரிக்குள் குடிபோனார். பெயர் தொயொஹிகோ ககாவா. ஏற்கெனவே காசநோயாளி. நோயாளிகளையும் போக்கிடம் இல்லாதவர்களையும் தம் சிறிய வீட்டிலேயே தங்கவைத்தார். கேட்பாரற்ற பிணங்களை அடக்கம் செய்தார். பணத்துக்காகக் கைமாற்றப்பட்டுப் பட்டினியில் சாகவிடப்பட்ட குழந்தைகளைத் தூக்கி வளர்த்தார். அங்கே தொற்றிய கண்நோய் அவருடைய பார்வையைக் கடைசிவரை வாட்டியது. 1914இல் அமெரிக்கா போய்ப் பிரின்ஸ்டனில் படித்துவிட்டு, 1917இல் மறுபடியும் அதே சேரிக்குத் திரும்பினார். 1923இல் டோக்கியோவைச் சிதைத்த பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரணப் பணிக்காகத்தான் அங்கே போனார். நீண்டகால ஊழியத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் காட்டுவது கடினம்.

ஷின்காவாவில் யார் வாழ்ந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிற ஏழைகளோடு புராக்குமின் மக்களும் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். தோல் வேலை, மாடறுப்பு, செத்த விலங்கை அகற்றுவது போன்ற தொழில்களுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள் இந்தப் புராக்குமின்கள். பழைய ஜப்பான் இவர்களுக்கு வைத்த பெயர்களில் ஒன்றுக்கு 'மிகுந்த அழுக்கு' என்று பொருள். இன்னொன்றுக்கு 'மனிதர் அல்லாதவர்' என்று பொருள். 1871இல் அரசாணை ஒன்று அந்தப் பெயர்களைக் காகிதத்தில் ஒழித்தது. கல்யாணத்திலும் வேலையிலும் குடியிருப்பிலும் ஒதுக்கல் தொடர்ந்தது. நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நெருடலான பகுதிக்கு வருவோம். சேரியில் ஐந்தாண்டு வாழ்ந்த அனுபவத்தோடு ககாவா எழுதிய 'ஏழைகளின் உளவியல் ஆய்வு' 1915இல் வெளிவந்தது. அதில் புராக்குமின்களை வேறு இனத்திலிருந்து வந்தவர்கள் என்றும், குற்றம் செய்வது இரத்தத்திலேயே ஊறியவர்கள் என்றும் எழுதினார். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் படுத்தவர், அவர்கள் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர் எழுதிய வரிகள் இவை. பிற்காலத்தில் அவருடைய எழுத்துகள் தொகுக்கப்பட்டு மறுபதிப்பு கண்டபோது புராக்கு விடுதலை இயக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஜப்பானின் ஐக்கிய கிறிஸ்து சபை, தனக்குள்ளேயே படிந்திருக்கும் இந்த ஒதுக்கலை எதிர்கொள்ள 1981இல் புராக்கு விடுதலை மையத்தை நிறுவியது.

இது எப்படி நடந்தது? சமூகவியல் படித்த நாங்கள் இதை ஒரு தனிமனிதரின் குணக்கேடு என்று சுருக்கிவிட மாட்டோம். ககாவா மக்களுக்கு அருகில் இருந்தார். ஆனால் அவர்களைப் புரிந்துகொள்ளக் கையில் எடுத்த கண்ணாடி அன்றைய இனவாத ஆய்வுலகம் கொடுத்தது. ஆய்வு செய்கிறவர் அவர், ஆய்வுக்கு உள்ளானவர்கள் மக்கள் என்ற ஏற்பாடு பத்து நாளில் மாறாததுபோலவே பத்து ஆண்டிலும் தானாக மாறிவிடவில்லை. நீ என்னைப் பற்றி எழுதியிருப்பது பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லும் அதிகாரம் யாருக்கும் அங்கே தரப்படவில்லை.

அந்த அதிகாரத்தை மக்களே எடுத்துக்கொண்டார்கள். 1922 மார்ச் 3ஆம் தேதி கியோட்டோ நகரத்தில் ஆயிரக்கணக்கான புராக்குமின்கள் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற சமத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சைகோ மான்கிச்சி எழுதிய அதன் பிரகடனம் சொன்னது இதுதான்: அரை நூற்றாண்டாக எத்தனையோ பேர் எத்தனையோ வழிகளில் எங்களுக்காக நடத்திய இயக்கங்கள் எந்தப் பலனும் தரவில்லை, எங்கள்மேல் இரக்கம் காட்டிய இயக்கங்கள் எங்களை இன்னும் கீழே தள்ளின, இனி எங்கள் விடுதலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அவர்கள் தூக்கிய கொடி கறுப்பு. நடுவில் இரத்தச் சிவப்பில் ஒரு முள்முடி. புத்தமதக் கோயில் குடும்பத்தில் பிறந்த சைகோ இயேசுவின் முள்முடியைத் தம் மக்களின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். அதைச் சூடியிருப்பவர்கள் யார் என்று இரக்கப்பட வந்தவர்களுக்குக் காட்டிவிட்டார்.

ககாவாவை இதோடு தள்ளிவிடுவது நியாயமாகாது. தருமத்தால் வறுமை தீராது என்ற முடிவுக்கு வந்து, 1917க்குப் பிறகு அவர் தொழிற்சங்கத்துக்குள் இறங்கினார். 1921இல் கோபே கப்பல் கட்டும் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தத்தில் முன்னின்று சிறைக்குப் போனார். அதே ஆண்டில் அங்கே தொடங்க உதவிய நுகர்வோர் கூட்டுறவு இன்றும் இயங்குகிறது. 1922இல் விவசாயிகள் சங்கம் அமைத்தார். மக்களே உறுப்பினராகி முடிவெடுத்த இந்த அமைப்புகள்தான் அவர் போன பிறகும் நின்றன.

இதே ககாவா 1938 டிசம்பரில் நம் தாம்பரத்துக்கு வந்தார், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்த அனைத்துலக மிஷனெரி மாநாட்டுக்கு. இந்துவாகச் சாகப்போவதில்லை என்று இயோலாவில் அண்ணல் அம்பேத்கர் அறிவித்து மூன்றாண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ மாநாடுகள் நடந்துவிட்டன. நம் பங்குகளில் சேரிக்குத் தனிக் கல்லறை என்ற அவலம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. வார இறுதி மருத்துவ முகாம் அந்தக் கல்லறைச் சுவரைத் தொடாது. அதே பங்கில் முப்பதாண்டு பள்ளி நடத்தியவர்களும் அதைத் தொடாமலேயே ஓய்வுபெற்றுப் போகலாம்.

ஆகவே வருகிறவரிடம் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்பதோடு இன்னும் சிலவற்றையும் கேட்போம். உங்களை அழைத்தது யார்? உங்கள் கணக்கு வழக்கை நாங்கள் பார்க்கலாமா? எங்களைப் பற்றி நீங்கள் எழுதும் அறிக்கையை அனுப்புவதற்கு முன் எங்களுக்குப் படித்துக் காட்டுவீர்களா? வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் நிறுத்துவீர்களா?

வன்கொடுமை வழக்கில் மக்கள் கூப்பிட்டு இரண்டே நாள் வந்து, முதல் தகவல் அறிக்கையில் சரியான பிரிவுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கறிஞர் இந்தக் கேள்விகளில் தேறிவிடுவார். அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சாட்சிகளை மிரட்டுவார்கள், விலை பேசுவார்கள். அப்போது பக்கத்தில் நிற்க, அங்கேயே இருக்கும் ஆட்களும் வேண்டும். நீண்டகாலம் நமக்குத் தேவைப்படுவது அதற்காகத்தான். நம் சார்பில் பேச ஆளில்லை என்பதற்காக அல்ல. பேச நாமே இருக்கிறோம்.