பணியிட விபத்தில் இடுப்பு மூட்டுக் காயம்: இழப்பீட்டு உடன்பாட்டில் கையொப்பமிடும் முன் அறிய வேண்டியவை

பணியின்போது கைவிரல் துண்டிக்கப்பட்டால் இழப்பு எவ்வளவு என்பது அன்றே தெரிந்துவிடும். இடுப்பு மூட்டுக் காயம் அத்தகையதன்று. எலும்பு கூடிவிட்டது, நோயாளி ஊன்றுகோலின்றி நடக்கிறார் என்ற நிலைக்குப் பிறகும், ஓராண்டோ ஈராண்டோ கழித்து அம்மூட்டு சிதையத் தொடங்கலாம். ஆனால் வேலையளிப்பவர் தரப்பு "ஒரே தொகையாகப் பெற்றுக்கொண்டு முடித்துக்கொள்ளலாம்" என்று கூறுவது பெரும்பாலும் காயமுற்ற சில வாரங்களிலேயே. மருத்துவச் செலவும் வீட்டுச் செலவும் நெருக்கும் அந்த நேரத்தில் கையொப்பமிடுவது எளிது. முழுமையான இறுதித் தொகையாக ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பீட்டைப் பின்னர் மூட்டு கெட்டுவிட்டது என்று கூறி மீண்டும் திறப்பது மிகக் கடினம்.

காயம் தாமதமாக வெளிப்படுவது ஏன்?

இடுப்பு மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதி, இடுப்பெலும்பின் குழியில் பொருந்தியுள்ளது. அத்தலைக்குச் செல்லும் இரத்தத்தின் பெரும்பகுதி, தொடை எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறும் நுண்ணிய குழாய்களின் வழியே செல்கிறது. சாரத்திலிருந்து விழுந்து கழுத்துப் பகுதி முறிந்தாலோ, வாகனம் மோதி மூட்டு நழுவினாலோ அக்குழாய்கள் கிழிகின்றன. இரத்தம் கிடைக்காத எலும்பு மெல்ல மடிந்து, உடல் எடையைத் தாங்க இயலாமல் நொறுங்கித் தட்டையாகிறது. மருத்துவர்கள் இதனை ஏவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்பர். தொடக்கத்தில் எக்ஸ்ரே படம் இயல்பாகவே தோன்றக்கூடும், எம்.ஆர்.ஐ. பரிசோதனை அதனை முன்னதாகவே காட்டும். நழுவிய மூட்டை ஆறு மணி நேரத்திற்குள் உரிய இடத்தில் பொருத்துவது இந்த ஆபத்தைக் குறைக்கும் என்பதால், அத்தகைய காயத்துடன் எண்ணெய்க் கட்டு வைத்தியத்திற்குச் சென்று நேரத்தை இழத்தல் கூடாது.

இடுப்பெலும்பின் குழியே உடைந்திருந்தால் மூட்டுத் தேய்மானம் பின்னாளில் வரலாம். இரு நிலைகளிலும் இறுதித் தீர்வு செயற்கை மூட்டு பொருத்துவதாக அமையக்கூடும். முப்பத்தைந்து வயதுத் தொழிலாளிக்குப் பொருத்தப்படும் செயற்கை மூட்டு அவர் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. மறு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

முதல் நாள் பதிவு

அரசு மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது விபத்துப் பதிவேட்டில் காயம் நேர்ந்த இடம், நேரம், விதம் ஆகியவை எழுதப்படும். பின்னாளில் முதலில் கேட்கப்படும் ஆவணம் இதன் நகலே. "வீட்டில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மேற்பார்வையாளர் கூறினால் இணங்க வேண்டாம். அந்த ஒரு வரி, பணிக்கும் காயத்திற்கும் உள்ள தொடர்பையே அறுத்துவிடும்.

மற்றொன்று, நம் வழக்கில் இடுப்பு என்னும் சொல் கீழ்முதுகையும் குறிக்கிறது. "இடுப்பு வலி" என்று மட்டும் கூறினால் முதுகுத்தண்டு வலி என்று பதிவாக வாய்ப்புண்டு. தொடை சேரும் மூட்டில் வலி என்றும், எந்தக் கால் என்றும் தெளிவாகக் கூறுங்கள். மூட்டின் வலி சிலருக்கு முழங்காலில் உணரப்படுவதும் உண்டு. அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

எந்தச் சட்டம் பொருந்தும்?

உங்கள் ஊதியத்தில் இ.எஸ்.ஐ. பங்களிப்பு பிடிக்கப்படுகிறதா என்பதை முதலில் பாருங்கள். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர் அதே காயத்திற்கு வேலையளிப்பவரிடம் தனியே இழப்பீடு கோர இயலாது. அவருக்குச் சிகிச்சையும், தற்காலிகமாக வேலை செய்ய இயலாத காலத்தில் சராசரி நாள் ஊதியத்தின் 90 சதவீதமும் கிடைக்கும். நிரந்தர ஊனம் இருப்பின், மருத்துவக் குழு நிர்ணயிக்கும் உழைப்புத்திறன் இழப்பிற்கு ஏற்ப மாதந்தோறும் தொகை வழங்கப்படும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தி வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020இன் ஏழாம் அத்தியாயம் நடைமுறைக்கு வந்துள்ளது. கணக்கிடும் அடிப்படை முறை மாறவில்லை. நீங்கள் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்திருந்தாலும், எந்த நிறுவனத்தின் பணிக்காக அமர்த்தப்பட்டீர்களோ அந்த முதன்மை வேலையளிப்பவரிடம் கோர உரிமை உண்டு. பிற மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும்.

ஊன சதவீதமும் உழைப்புத்திறன் இழப்பும்

கோரிக்கைகள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகின்றன. சட்டத்தின் அட்டவணையில் சில காயங்களுக்கு நிலையான சதவீதம் உண்டு. கால் இடுப்பு மூட்டோடு துண்டிக்கப்பட்டால் 90 சதவீதம். ஆனால் தொடை எலும்பின் கழுத்து முறிவு, மூட்டு நழுவல், செயற்கை மூட்டு ஆகியவற்றிற்கு அவ்வாறு நிலையான எண் கிடையாது. தகுதி பெற்ற மருத்துவர், உழைத்து ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்துள்ளது என்பதை மதிப்பிட வேண்டும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் காணப்படும் சதவீதம் உடலுறுப்பின் குறைபாட்டைக் கூறுவது. உழைப்புத்திறன் இழப்பு என்பது அக்குறைபாடு உங்கள் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பது. செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்ட கணக்கர் நாற்காலியில் அமர்ந்து முன்போலவே பணியாற்றலாம். அதே மூட்டுடன் தரையில் குந்தி டைல்ஸ் பதிப்பவரோ, சுமையுடன் ஏணி ஏறுபவரோ பழைய தொழிலைத் தொடர்வது அரிது. இருவருக்கும் ஊன சதவீதம் ஒன்றாகவே இருக்கலாம். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்பதால், அவருடைய இழப்பு முழுமையானது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது.

ஆகவே மதிப்பீட்டிற்கு வரும்போது, நாள்தோறும் என்ன செய்தீர்கள் என்பதை விளக்கமாகக் கூறுங்கள்: எத்தனை கிலோ தூக்கினீர்கள், எவ்வளவு நேரம் குந்தியிருந்தீர்கள், எத்தனை மாடி ஏறினீர்கள். "கூலி வேலை" என்ற இரு சொற்களை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் நேர்மையான மதிப்பீடு எழுத இயலாது. கால் நீள வேறுபாடு, மூட்டு மடங்கும் அளவு, நொண்டல், குந்தவும் சம்மணமிடவும் இயலுமா என்பவை சான்றிதழில் இடம்பெற வேண்டும்.

இதன் பண மதிப்பைப் பாருங்கள். நாற்பது வயது, மாத ஊதியம் 15,000 ரூபாய் என்று கொள்வோம். ஊதியத்தின் 60 சதவீதமான 9,000ஐ, அவ்வயதிற்குரிய காரணியான 184.17ஆல் பெருக்கினால் 16,57,530 ரூபாய். இது முழு ஊனத்திற்குரிய தொகை. உழைப்புத்திறன் இழப்பு 30 சதவீதம் எனில் 4,97,259 ரூபாய். 60 சதவீதம் எனில் 9,94,518 ரூபாய். சான்றிதழின் ஒரு வரி ஏறத்தாழ ஐந்து லட்சம் ரூபாயை மாற்றுகிறது.

எப்போது உடன்படலாம்?

சிகிச்சை முடிந்து, மூட்டின் நிலை மேலும் மாறாது என்று எலும்பு மருத்துவர் கூறும் வரை இறுதி மதிப்பீட்டிற்கு அவசரப்பட வேண்டாம். கழுத்துப் பகுதி முறிவு அல்லது மூட்டு நழுவல் உள்ளவர்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உடன்படாதிருப்பதே நன்று.

அதே வேளையில், கோரிக்கையை விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எலும்பு மடிதல் வெளிப்படும் காலமும் ஏறத்தாழ அதுவே என்பதால், காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிடும் அபாயம் உண்டு. கோரிக்கையை முன்னரே தாக்கல் செய்துவிட்டு, இறுதி மதிப்பீட்டிற்குக் கால அவகாசம் கேட்பதே பாதுகாப்பான வழி. தக்க காரணம் இருப்பின் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதனை நம்பி இருத்தல் வேண்டாம்.

இடைக்காலத்தில் கையறு நிலை இல்லை. தற்காலிக ஊனத்திற்கு, மாத ஊதியத்தின் 25 சதவீதம் அரை மாதத்திற்கு ஒருமுறை, ஐந்து ஆண்டுகள் வரை வழங்கப்பட வேண்டும். மேற்கண்ட தொழிலாளிக்கு ஒவ்வொரு முறையும் 3,750 ரூபாய். சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவும் தனியே உரியது. ரசீதுகளைப் பாதுகாத்து வையுங்கள். பொறுப்பை ஓரளவே ஒப்புக்கொள்ளும் வேலையளிப்பவர், அந்த அளவிற்கான தொகையை உடனே செலுத்தக் கடமைப்பட்டவர். தக்க காரணமின்றித் தாமதித்தால் வட்டியுடன் 50 சதவீதம் வரை கூடுதல் தொகையும் விதிக்கப்படலாம்.

முத்திரைத் தாளில் எழுதி, பணத்தைக் கையில் கொடுத்து வாங்கும் உடன்பாடு போதுமானதன்று. உடன்பாடு உரிய அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். தொகை போதாது என்றோ, ஏமாற்றியோ வற்புறுத்தியோ பெறப்பட்டது என்றோ கண்டால் அவர் பதிவை மறுக்கலாம். "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதி வாங்கும் வாசகம், சட்டம் தரும் இழப்பீட்டைப் பறிக்குமளவிற்குச் செல்லாது. ஏற்கெனவே அத்தகைய தாளில் கையொப்பமிட்டவர்களும் இதனால் மனம் தளர வேண்டியதில்லை. அதன் நகலுடன் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை பெற்றதும், நல வாரியத்தில் உதவித்தொகை பெற்றதும் இந்த இழப்பீட்டு உரிமையை நீக்குவதில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத தொழிலாளர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமின்றிச் சட்ட உதவி கோரலாம். செல்லும்போது விபத்துப் பதிவேட்டு நகல், மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், எக்ஸ்ரே படங்கள், ஊதியத்திற்கான ஏதேனும் ஒரு சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஊதியச் சீட்டு இல்லாதவர்களுக்கு வங்கிக் கணக்கில் வந்த தொகை, வருகைப் பதிவு, உடன் பணியாற்றியவரின் சாட்சியம் ஆகியவையும் பயன்படும்.