மூடிய பெட்டியைத் திறந்த தாய்

1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள். அதிகாரிகள் உடலை அங்கேயே அவசரமாகப் புதைக்கப் பார்த்தார்கள். அது நடக்காதபோது, மூடி முத்திரையிட்ட பெட்டியில் உடல் சிகாகோ வந்தது. தாய் மேமி டில் பெட்டியைத் திறக்கவைத்தார். சிதைந்த முகத்தைப் பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். கறுப்பின இதழான 'ஜெட்' படத்தை அச்சிட்டது. வெள்ளையர் நாளேடுகள் தவிர்த்தன. வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு கொலையாளிகளை விடுவித்தது. ஆனால் அந்தப் படம் ஒரு தலைமுறையைப் போராட்டத்துக்குக் கொண்டுவந்தது.

இந்தியாவிலும் உடலை மறைக்கும் அவசரம் உண்டு. 2020 செப்டம்பரில் ஹாத்ரஸில் தலித் இளம்பெண்ணின் உடலை, குடும்பத்தாரை விலக்கிவைத்துக் காவல்துறை இரவோடிரவாக எரித்தது.

படத்தை மறைப்போர் இறந்தவரின் கண்ணியம் என்பார்கள். காட்டுவதா, மறைப்பதா என்ற முடிவு பறிகொடுத்தவர்களுக்கே உரியது; அரசுக்கோ ஆசிரியர் குழுவுக்கோ அல்ல.