நிலுவை வழக்கும் சேர்க்கை விண்ணப்பமும்

கூட்டேரிப்பட்டு போன்ற நெடுஞ்சாலைக் கூட்டு ரோட்டில் மறியல் நடந்தால், முதல் தகவல் அறிக்கையில் நாலைந்து பெயருக்குப் பின் ‘மற்றும் பலர்’ என்று எழுதுவது காவல் நிலைய வழக்கம். அந்தப் பலர் யார் என்பது பிறகே நிரப்பப்படும். பிளஸ் டூ முடித்த பையன் அதில் சிக்குவது எளிது. வெளியே வருவதற்குள் வாய்தாக்களிலேயே பட்டப்படிப்பின் காலம் கழிந்துவிடும். குற்றம் மெய்ப்பிக்கப்படாத அந்தப் பதிவைக் கல்லூரிச் சேர்க்கையில் கணக்கில் எடுப்பது நியாயமாகாது என்பதே என் வாதம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிறார் வயதில் செய்த குற்றத்தால் தகுதியிழப்பு எதுவும் வராது என்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட பதினாறு வயது கடந்தோர் மட்டுமே விலக்கு. முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடக் கூடாது என்கிறது 74ஆம் பிரிவு. ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றமும் இதே நிலைப்பாட்டை எடுத்தது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவோ, ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கூட விடுதலையாகி இரண்டு ஆண்டு கழித்து வழக்கறிஞராகப் பதியலாம் என்கிறது.

ஆனால் 2024 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கை, சட்ட மாணவர்கள் எஃப்.ஐ.ஆர்., நடப்பு வழக்கு, தண்டனை ஆகியவற்றோடு விடுதலையான வழக்கையும் அறிவிக்க வேண்டும் என்றது. கவுன்சிலின் முடிவு வரும்வரை இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் கிடைக்காது. நீதிமன்றமே விடுவித்தவரை மறுபடி விசாரிக்க இந்த அமைப்புக்கு என்ன வேலை? 2017இல் தொடங்கிய விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தக் காத்திருப்பு என்னவாகும் என்று யாராவது யோசித்தார்களா?

இந்த மண்ணில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் நடந்த வன்னியர் இடஒதுக்கீட்டு மறியலில் 21 பேர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு கிடைத்தது. 2025 ஜனவரியில் அரசே விழுப்புரத்தில் உயிரிழந்த அந்த 21 பேருக்கு மணிமண்டபம் திறந்தது. மறியல் பெற்றுத்தந்த ஒதுக்கீட்டில் இடம் வாங்கிய ஒருவரிடம், மறியல் வழக்கைக் காட்டிப் பட்டத்தை நிறுத்திவைப்பது எந்த வகையில் நியாயம்?

விடுதியில் தங்கும் பெண்களின் பாதுகாப்பு, சாதி வன்கொடுமைக்கு ஆளான மாணவரின் அச்சம் ஆகிய மறுப்புகள் மெய்யானவை; அவற்றைத் தள்ள முடியாது. எனினும் அவை குறிப்பிட்ட குற்றச்சாட்டைப் பற்றியவை. பாலியல், வன்கொடுமை வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலான பின் விடுதி, வகுப்பு ஏற்பாட்டை மாற்றலாம்; தேவையானால் இடைநீக்கமும் செய்யலாம். எல்லோரிடமும் எஃப்.ஐ.ஆர். கேட்பதால் அந்தப் பாதுகாப்பு வந்துவிடாது. தலித் இளைஞர்கள்மீது போடப்படும் எதிர்வழக்குகளும் அந்த வலையில் சேர்ந்து விழும்.

விண்ணப்பம் கேட்க வேண்டியது தண்டனையை மட்டுமே, அதுவும் மதிப்பெண்படி இடம் ஒதுக்கிய பிறகு. 24ஆம் பிரிவின் பாதுகாப்பு உள்ளவர் ‘இல்லை’ என்றே எழுதலாம் என்று படிவத்திலேயே அச்சிட வேண்டும். சேர்க்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தந்து, சேர்க்கை முடியும் தேதிக்கு முன்பே மேல்முறையீட்டைக் கேட்டு முடிக்க வேண்டும்.