காங்

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், மேயோ மாவட்டத்தின் தென்னெல்லையை ஒட்டி, வடக்கே மாஸ்க் ஏரிக்கும் தெற்கே காரிப் ஏரிக்கும் இடைப்பட்ட குறுகிய நிலப்பரப்பில் அமைந்துள்ள சிற்றூர் காங். ஐரிஷ் மொழியில் இதன் பெயர் அந்நிலக் குறுக்கத்தையே குறிப்பது. இப்பிரதேசம் முழுவதும் சுண்ணாம்புப் பாறையாதலால், மாஸ்க் ஏரியின் நீர் பாறைப் பிளவுகளுள் புகுந்து மறைந்து, பூமிக்கடியிலேயே சில மைல் கடந்து, காங் ஊரருகே ஊற்றுகளாகப் பொங்கி, ஆறாகத் திரண்டு காரிப் ஏரியில் கலக்கிறது. இவ்வூரின் சரித்திரத்தை அறிய விழைவோர் முதலில் இப்பாறையின் சுபாவத்தை அறிதல் வேண்டும்.

ஏழாம் நூற்றாண்டில் புனித ஃபெகின் இங்கு மடாலயம் ஸ்தாபித்தார் என்பது மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதனைப் புதுப்பித்த டர்லோ ஓ'கானரின் புதல்வரும், அயர்லாந்தின் கடைசிப் பேரரசருமான ரோரி ஓ'கானர், அரசு துறந்து இம்மடத்தை அடைந்து 1198-இல் இங்கேயே காலமானார். ஏசுநாதரின் சிலுவைத் துணுக்கு ஒன்றை வைத்துப் போற்றுவதற்காக 1123-ஆம் ஆண்டளவில் டர்லோ செய்வித்த 'காங் சிலுவை', கருவாலி மரத்தின்மீது உலோகத் தகடு போர்த்து, பொன்னிழை வேலைப்பாடு அமைத்த அற்புத சிருஷ்டி. இன்று அது டப்ளின் தேசியக் காட்சிசாலையில் உள்ளது. சிதைந்த மடத்தின் அருகே, ஆற்றின் மீதே கட்டப்பட்ட துறவிகளின் மீன்பிடி அறையையும், தளத்தின் துவாரத்துக்குக் கீழே ஓடும் நீரையும் இன்றும் காணலாம். 1951-இல் ஜான் ஃபோர்டு 'தி குவயட் மேன்' திரைப்படத்தின் காட்சிகளை இங்கு படமாக்கியதனால் ஊரின் பெயர் உலகெங்கும் பரவிற்று.

ஆயினும் நம் சிந்தனைக்கு மிகுதியும் உரியது, ஊரருகே கிடக்கும் வறண்ட கால்வாய். உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்தமையால் விளைந்த கொடும் பஞ்சத்தில் வாடியோருக்குக் கூலி கிடைக்கவும், இரண்டு ஏரிகளுக்கிடையே படகுப் போக்குவரத்து நடைபெறவும் கருதி, 1848-இல் தொடங்கிய இவ்வேலை, பசித்த மனிதர் கடப்பாரையும் மண்வாரியும் ஏந்திப் பாறையை உடைத்த வேலை. திறப்புவிழா நாளில் நீர் முழுவதும் பாறைக்குள் மறைந்ததாகவும், பொறியாளர்கள் திகைத்து நின்றதாகவும் வழங்கும் கதை அவர்களுக்கு அநீதி செய்வது. நீரைத் தாங்காத பாறையின் குணமும், 1851-இல் கால்வே நகரை எட்டிவிட்ட இருப்புப்பாதையின் போட்டியும், செலவின் சுமையும் ஒருங்கே சேர்ந்ததால், கால்வாய் முற்றுப்பெறுமுன்னரே 1854-இல் பணி நிறுத்தப்பட்டது. செதுக்கிய கற்களால் எழுப்பிய மதகுச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. மாரிக்காலத்தில் ஏரி பெருகும்போது கால்வாயில் நீர் சிறிது ஓடும். கோடையில் அதன் படுகையில் புல் முளைத்திருக்கும்.