பந்தும் பாலும்: கொல்ஃப் பந்தின் மூலப்பொருள் வரலாற்றிற் பேராதனை

கொல்ஃப் இந்நாட்டுப் பொதுமக்களின் விளையாட்டன்று. 1879 இற் கொழும்பிலும் 1889 இல் நுவரெலியாவிலும் குடியேற்ற ஆட்சியாளரும் தோட்டத் துரைமாரும் தம் பொழுதுபோக்கிற்கென அமைத்துக்கொண்ட கழகங்களின் வழியாகவே அது இங்கு வேரூன்றியது. ஆதலின், அதன் ஆட்ட வரலாறு நமக்கு அத்துணை முக்கியமானதன்று. ஆனால், ஆட்டத்தை விடுத்து அடிபடும் பந்தை மட்டும் கையில் எடுத்து, அது எதனாற் செய்யப்பட்டது என வினவுவோமாயின், அவ்வினா நம்மைக் கண்டி மாநகருக்கு மேற்கே நான்கு மைல் தொலைவில், மகாவலி வளைந்தோடும் பேராதனைப் பூங்காவின் வாயிலுக்கே கொண்டுவந்து சேர்க்கின்றது.

பந்து செய்வோன் எக்காலத்தும் மூன்று பண்புகளை நாடினான். அடித்த பந்து நெடுந்தூரம் செல்லவேண்டும்; அடிக்கும்போது கைக்கு இதமான உணர்வைத் தரவேண்டும்; பல அடிகளைத் தாங்கி நீடித்து உழைக்கவும் வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவன. மென்மையான பொருள் எளிதில் வெட்டுண்ணும். வன்மையானது நெடுநாள் உழைப்பினும் கல்லை அடித்தாற்போற் கையை அதிரவைக்கும். இம்முரணைத் தீர்க்க மனிதன் மேற்கொண்ட முயற்சியே கொல்ஃப் பந்தின் வரலாறு எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்கொத்லாந்தில் ஆடப்பட்டது இறகுப் பந்து. தைத்த தோலுறையினுள் ஒரு தொப்பி நிறைய வாத்திறகை அவித்துத் திணித்து, உலரவைத்து அதனைச் செய்தனர். கைதேர்ந்த தொழிலாளியும் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளே செய்ய முடிந்தது. மழையில் நனைந்தால் அது கனத்துவிடும். இரும்புக் கோலின் ஓரம் பட்டாற் பிளந்துவிடும். விலையோ சாதாரண மக்களுக்கு எட்டாதது.

இந்நிலையை மாற்றியது கீழைத்தேயத்து மரப்பால் ஒன்று. மலாய்த் தீபகற்பத்துக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சாவைச் சிங்கப்பூரிற் பணியாற்றிய மொன்கொமறி என்னும் மருத்துவர் 1843 இல் இங்கிலாந்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வெந்நீரிலிட்டால் மாவைப்போற் பிசையத்தக்கதாய் இளகி, ஆறியதும் இறுகிவிடும் இயல்பு அதற்குண்டு. 1848 அளவில் அதனை உருட்டிப் பந்தாக்கியவர் சென் அன்ட்றூஸ் நகரின் ரொபேட் பற்றர்சன் என்பர். கீழைத்தேயத்திலிருந்து அவர் குடும்பத்துக்கு வந்த திருமால் சிலையொன்றைப் பொதிந்திருந்த கட்டாபெர்ச்சாத் துண்டுகளே அம்முதற் பந்துக்கு மூலப்பொருளாயின என்றொரு கதை வழங்குகின்றது. கதையை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும், சிலையைவிட அதனைப் பொதிந்துவந்த கழிபொருளே மேலைநாட்டாரின் கருத்தைக் கவர்ந்தது என்னும் அதன் குறிப்பு, அக்காலத்து வாணிக உறவை ஒருவாறு சுட்டுவதாகவே உள்ளது.

புதிய பந்து மலிவானது; நனைந்தாற் கெடாதது; உருக்குலைந்தால் மீண்டும் சூடாக்கி உருட்டத்தக்கது. வழவழப்பான புதுப் பந்தைவிட அடிபட்டுக் கீறல் விழுந்த பழம் பந்து நேராகவும் தொலைவாகவும் பறப்பதைக் கண்ட ஆட்டக்காரர், நாளடைவிற் புதுப் பந்தின்மீதே சுத்தியலாற் கொத்திக் கோடிடலாயினர். ஆயின் அதனை அடித்தபோது கை அதிர்ந்தது. குளிர்காலத்தில் அது உடைந்து சிதறுவதும் உண்டு. மறுபுறத்தில், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடவும் இதே பொருளே வேண்டப்பட்டமையால், மலாயாவிலும் அயல் தீவுகளிலும் எண்ணற்ற மரங்கள் அடியோடு வீழ்த்தப்பட்டன. காட்டை நம்பியிருந்த இக்கைத்தொழில் நெடுநாள் நிலைக்க முடியாதது என்பது நூற்றாண்டின் இறுதியில் வெளிப்படையாயிற்று.

இவ்விடத்து இரசாயனவியற் செய்தி ஒன்றைக் கூறுதல் தகும். கட்டாபெர்ச்சாவும் இறப்பரும் ஐசோப்பிரீன் என்னும் ஒரே மூலக்கூறு சங்கிலிபோற் கோத்து அமைந்த பல்பகுதியங்களே. இறப்பரில் அக்கண்ணிகள் ஒரே பக்கமாய் வளைந்திருத்தலாற் சங்கிலி சுருண்டு கிடந்து, இழுத்தால் நீண்டு, விட்டால் மீள்கின்றது. கட்டாபெர்ச்சாவிற் கண்ணிகள் மாறுபக்கமாய் அமைந்து சங்கிலிகள் நெருங்கிப் படிகமாதலால் அது இறுகி நிற்கின்றது. அமைப்பில் உள்ள இச்சிறு வேறுபாடே முன்னதை நெகிழ்ச்சியுடையதாகவும் பின்னதை வன்மையுடையதாகவும் ஆக்கியது. பந்தின் உள்ளுக்கு இறப்பரும் புறத்துக்கு அதன் வன்மையான உறவும் எனப் பிற்காலத்தார் பகுத்துக்கொண்டமைக்கு அடிப்படையும் இதுவே.

இனிப் பேராதனைக்கு வருவோம். 1821 இல் நிறுவப்பெற்ற பூங்காவின் பணி, மலர்களைப் பேணுவதோடு நின்றதன்று. பேரரசுக்கு வருவாய் தரத்தக்க பயிர்களைத் தேடித் தருவது அதன் முதன்மையான கடமையாயிருந்தது. 1869 இற் கோப்பி இலைகளில் துருநோய் தோன்றிக் கண்டிச் சீமைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியபோது அக்கடமை அவசரமானதாயிற்று. 1876 இல் ஹென்றி விக்கம் அமேசன் காடுகளிலிருந்து கொண்டுசென்ற சுமார் 70,000 இறப்பர் விதைகளுட் கியூ பூங்காவில் முளைத்தவை நூற்றுக்கு நான்குகூட இல்லை. அந்நாற்றுக்களுள் 1,919, கண்ணாடிப் பெட்டிகள் 38 இல் வைத்து அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனையின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ், மலைநாட்டுக் குளிர்ச்சி இம்மரத்துக்கு ஒவ்வாதெனக் கண்டு, கம்பஹாவுக்கு அண்மையில் ஹெனரத்கொடையிற் கிளைப் பூங்கா ஒன்றை அமைத்து அங்கு அவற்றை நடுவித்தார். மரம் வளர்ந்தது தாழ்நாட்டில். அறிவு வளர்ந்தது பேராதனையில் எனக் கூறின் மிகையாகாது.

1880 இல் அவர்பின் வந்த திறைமன், ஹெனரத்கொடை மரமொன்றில் ஓராண்டுவிட்டு ஓராண்டு பாலெடுத்து, மரம் கெடாமலே தொடர்ந்து பயன் தருமா எனப் பொறுமையோடு சோதித்தார். தோட்டத் துரைமார் தேயிலையின் பின்னே ஓடிக்கொண்டிருந்தமையால், அவர் பேச்சைக் கேட்டோர் சிலரே. வில்லிஸ் பணிப்பாளராயிருந்த காலத்தில் வந்த ஜோன் பார்க்கின் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், 1899 இல் வெளியிட்ட முடிவுகள் இரண்டு. ஒருமுறை கீறிய பட்டையை மறுமுறை கீறும்போது பால் குறையாது பெருகுகின்றது என்பது ஒன்று. பாலுடன் அளவறிந்து அசெற்றிக்கமிலம் சேர்த்தால் அது தூய்மையாக உறைகின்றது என்பது மற்றொன்று. அமேசன் காட்டிற் புகையில் வாட்டி உருட்டிய அழுக்கேறிய உருண்டைகளுக்குப் பதிலாக, ஒரே தரமான தூய இறப்பரைத் தோட்டத்திலேயே ஆக்கலாம் என்பதற்கு இவை வழிசெய்தன. தோட்ட இறப்பர்க் கைத்தொழில் முழுவதும் இவ்விரு முடிவுகளின்மீது எழுந்தது என்று கூறுவதிற் பெரிய தவறில்லை.

அதே 1899 இலேதான் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திற் கோபேர்ண் ஹஸ்கெல் என்பவரும், குட்றிச் இறப்பர்த் தொழிற்சாலையைச் சேர்ந்த பேட்றம் வேர்க் என்பவரும் புதிய பந்து ஒன்றுக்கு உரிமம் பெற்றனர். மெல்லிய இறப்பர் இழையை விறைப்பாக இழுத்து உருண்டையாகச் சுற்றி, அதன்மேற் கட்டாபெர்ச்சா உறையிட்டனர். இழுபட்ட இழையிற் சேமிக்கப்பட்ட விசையாற் பந்து முன்னைய பந்தினும் வெகுதூரம் பாய்ந்தது. கைக்கும் அதிர்ச்சி குறைந்தது. 1902 இல் ஹொய்லேக்கில் நடந்த பிரித்தானியத் திறந்த போட்டியிற் சாண்டி ஹேர்ட் இப்பந்தால் ஆடி வென்றபின் பழைய பந்தின் காலம் முடிந்தது. 1905 இல் வில்லியம் ரெயிலர் பந்தின் மேற்பரப்பிற் குழிகளை அமைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். சுத்தியற் கீறலிலிருந்து கற்ற பாடம் இவ்வாறு முறைப்படுத்தப்பட்டது.

ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரு செயல்களுக்குமிடையே நேரடித் தொடர்பு கற்பித்தல் பொருந்தாது. பார்க்கின் பந்தை எண்ணி ஆராயவில்லை. ஹஸ்கெல் பேராதனையை எண்ணவில்லை. இறப்பரின் பெரும்பகுதியை விழுங்கியதும் மோட்டார் வண்டிச் சில்லேயன்றிப் பந்தன்று. எனினும், விறைப்பாக இழுபடும் மெல்லிய இழையில் ஒரு துகள் அழுக்கிருந்தாலும் அது அறுந்துவிடும். தூய்மையும் ஒரே தன்மையும் உடைய இறப்பர் இத்தகைய நுண்ணிய பொருட்களுக்கு எவ்வளவு இன்றியமையாததென்பதைப் பந்து தெளிவாகக் காட்டுகின்றது.

1906 செப்டெம்பரிற் பேராதனைப் பூங்காவிலேயே இலங்கை இறப்பர்க் கண்காட்சி நடைபெற்றது. அதன் அறிக்கையைத் தொகுத்தோருள் வில்லிசும் அரசாங்க இரசாயனர் பாம்பரும் இருந்தனர். பலவகை இறப்பர் மாதிரிகளும், பட்டை கீறும் கத்திகளும், பாலை உறையவைத்து உருட்டி உலர்த்தும் பொறிகளும் அங்கு ஒருங்கு கூட்டப்பட்டன. 1910 இல் இலண்டனில் ஓர் இறாத்தல் இறப்பரின் விலை 12 சிலிங்கைத் தாண்டியது. உலக யுத்தம் மூளுமுன் இலங்கையின் இறப்பர் நிலம் 2 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டுவிட்டது.

கத்திகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைப் பிடித்த கைகள் வைக்கப்படவில்லை. பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கவேண்டும். உள்ளே வளர்படைக்குச் சற்று வெளியே நிறுத்தவேண்டும். ஒரு நூலிழை ஆழமாய்ச் சென்றால் மரம் புண்பட்டுப் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். ஆழம் குறைந்தாற் பால் வடியாது. வெயில் ஏறுமுன் நூற்றுக்கணக்கான மரங்களில் இந்நுட்பத்தை நாள்தோறும் செய்தோருட் பெருந்தொகையினர், சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடந்து வந்து களுத்துறை, கேகாலை, மாத்தளைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பெண்டிருமே. பார்க்கின் பெயர் தாவரவியல் நூல்களில் நிற்கின்றது; நிற்கவும் வேண்டும். ஆனால், ஆய்வகத்து முடிவு தோட்டத்துத் தொழிலாக மாறியது இவர்தம் மணிக்கட்டின் பயிற்சியால் என்பதை இறப்பர் வரலாற்றாசிரியர் பலர் ஒரு வாக்கியத்திலேனும் கூறாதுவிட்டனர். இவர்களை இந்நாட்டின் குடிகளல்லர் என ஒதுக்கிய சட்டம் 1948 இல் நிறைவேறியது.

பந்தின் உறையிலும் காலப்போக்கில் மாற்றம் வந்தது. கட்டாபெர்ச்சாவுக்குப் பதிலாகத் தென்னமெரிக்கப் பலாத்தா மரத்தின் பால் இடம்பெற்றது. அம்மரம் வன்னிக் காட்டில் நாம் அறிந்த பாலை மரத்தின் இனத்தைச் சேர்ந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். நம் இலுப்பையும் மகிழும் அக்குடும்பத்தனவே. பலாத்தா உறை மென்மையானது. பந்துக்குச் சுழற்சி தருவது. தேர்ந்த ஆட்டக்காரர் அதனையே விரும்பினர். தவறி அடித்தாலோ, வாய் பிளந்து சிரிப்பதுபோல வெட்டுண்டு கிடக்கும்.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்ததும் நேசநாடுகளுக்கு எஞ்சிய பெரிய இயற்கை இறப்பர் நிலம் இலங்கையாயிற்று. அமெரிக்காவிற் கொல்ஃப் பந்து உற்பத்தி அவ்வாண்டே நிறுத்தப்பட்டது. இங்கோ, வயதுமுதிர்ந்த மரங்கள் வருங்காலத்தைக் கருதாது கீறி வடிக்கப்பட்டன. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கிய பெயர் ‘கொலைக் கீறல்’ எனப் பொருள்படுவது. தோட்டங்கள் இவ்வாறு தம்மை வெறுமையாக்கிக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்கத் தொழிற்சாலைகளிற் செயற்கை இறப்பர் பேரளவில் உருவாகிக்கொண்டிருந்தது. 1952 இற் சீனாவுடன் செய்த இறப்பர்–அரிசி உடன்படிக்கை சில காலம் கைகொடுத்ததே தவிர, மூலப்பொருளை விற்கும் நாடு என்ற நிலையை மாற்றவில்லை.

1960களிற் டியூப்பொன்ற் நிறுவனத்தின் சேர்லின் என்னும் செயற்கைப் பொருள் பலாத்தாவின் இடத்தைப் பிடித்தது. அது வெட்டுண்ணாதது, ஆனால் அடிக்கும்போது ‘டக்’ எனும் வன்மையான ஒலியும் உணர்வும் தருவது. 1970களின் தொடக்கத்திலிருந்து, இழை சுற்றாமற் பொலிபியூற்றடையீன் என்னும் செயற்கை இறப்பரைத் திண்மமாக வார்த்து உள்ளீடாக்கிய ஸ்போல்டிங் நிறுவனத்துப் பந்துகள் பரவின. 2000 இல் வந்த ரைட்டிலிஸ்ற் புரோ வீ ஒன்று, அத்தகைய உள்ளீட்டின்மேல் ஓர் இடைப்படையும், அதன்மேல் மென்மையான யூறேதேன் உறையும் கொண்டது. தொலைவுக்கு உள்ளீடு, உணர்வுக்கும் உழைப்புக்கும் உறை எனப் பழைய முரண் படைகளாகப் பகுக்கப்பட்டுத் தீர்க்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் இழை சுற்றிய பந்து தொழில்முறை ஆட்டத்திலிருந்து மறைந்தது.

1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர் பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்துப் பெரியதோர் ஏரியாகப் பரந்தது. அதன் கரையில், கண்டிக்குக் கிழக்கே இராஜவெல்லையில், 1999 இல் ஒரு கொல்ஃப் திடல் திறக்கப்பட்டது. பேராதனைக்குக் கீழே மகாவலி ஓடிச் சேரும் நீரே அங்குத் தேங்கி நிற்கின்றது. இன்று அத்திடலில் அடிக்கப்படும் பந்துகளின் உள்ளீடு எண்ணெய் இரசாயனத்திற் பிறந்தது. பந்துகளும் கடல் கடந்து வருபவை. இலங்கையின் இறப்பரிற் பெரும்பகுதி இப்போது உள்நாட்டிலேயே திண்மச் சில்லுகளாகவும் கையுறைகளாகவும் மாறி ஏற்றுமதியாகின்றது. தோட்டங்களில் விடியற்காலையிற் பட்டை சீவும் கத்தி மட்டும் அதே வடிவில் இருக்கின்றது.