கண்டியின் கடைசி ஓவர்கள்

கண்டிப் பள்ளி மைதானங்களில் வளர்ந்த இரு பந்துவீச்சாளர்களை ஐபிஎல் அணியான சென்னை எடுத்தது. இருவரையும் பின்னர் இழந்தது.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முத்தையா முரளிதரன் முதலில் வீசியது மிதவேகம். பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சொல்லி, 14 வயதில் சுழலுக்கு மாறினார். 2007இல் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் கொலிங்வூட்டை வீழ்த்தி ஷேன் வோர்னின் 708 டெஸ்ட் விக்கெட்டுகளைத் தாண்டினார். அதுவும் சொந்த ஊரில்! 2008இல் 6 இலட்சம் டொலருக்குச் சென்னை வாங்கியது. 2011இல் கொச்சி அணி கொத்திக்கொண்டது.

டிரினிட்டி கல்லூரியின் மதீஷ பத்திரன 2022இல் மாற்று வீரராகச் சென்னை போனார். மறுவருடம் அணித் தலைவர் தோனி அவரைக் கடைசி ஓவர்களுக்கென்றே பத்திரப்படுத்தினார்: 12 ஆட்டங்கள், 19 விக்கெட்டுகள், கிண்ணமும் சென்னைக்கு.

13 கோடி ரூபாய் கொடுத்துத் தக்கவைத்த அணி, 2025 பருவம் முடிந்ததும் விடுவித்தது. டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா 18 கோடிக்கு அள்ளியது. அடிக்கடி காயப்படும் 22 வயது வேகத்தை விட்டது புத்தியா, அவசரமா? ரசிகர்களின் வழக்கு இன்னும் தீரவில்லை.