சோலைப் பறவைகளும் ‘சிற்றினம்’ என்னும் வரையறையும்: பெங்களூரு ஆய்வுகள் வழி ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருக்குறளின் 46ஆம் அதிகாரம் ‘சிற்றினம் சேராமை’. அங்குச் ‘சிற்றினம்’ என்பது கீழ்மக்கள் கூட்டத்தைக் குறிக்கும். இன்றைய தமிழ்ப் பாடநூல்களிலோ அச்சொல் ‘ஸ்பீசிஸ்’ என்னும் உயிரியல் அலகின் பெயராக வழங்குகிறது. பேரினத்தினும் சிறியது என்னும் பொருளில் அமைந்த இக்கலைச்சொல் எளிமையானது. ஆனால் அது சுட்டும் பொருளின் எல்லை எளிதில் வரையறுக்க இயலாதது. அவ்வெல்லை எவ்வாறு வகுக்கப்பட்டு வந்தது என்பதையும், புதிய சிற்றினங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதையும், மேற்குத்தொடர்ச்சி மலையின் சோலைப் பறவையொன்றின் பெயர் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரையறையின் வளர்ச்சி

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்தது. அது புலனறிவை அளவுகோலாகக் கொண்ட பகுப்பு. 18ஆம் நூற்றாண்டில் சுவீடனைச் சேர்ந்த லின்னேயசு புறத்தோற்ற ஒப்புமையை அளவுகோலாக்கி, ஒவ்வோர் உயிருக்கும் இருசொற்பெயர் வழங்கினார். விலங்குகளின் அறிவியல் பெயரீட்டுக்கு அவரது நூலின் பத்தாம் பதிப்பே (1758) தொடக்க எல்லையாகக் கொள்ளப்படுகிறது. 1859இல் டார்வின் சிற்றினங்கள் மாறாதவை என்னும் கருத்தைத் தகர்த்தார். மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு எல்லை யாது என்னும் வினா அப்போது எழுந்தது.

1942இல் எர்ன்ஸ்ட் மயர் இதற்கு ஒரு விடை தந்தார். தம்முள் இனப்பெருக்கம் செய்பவையும், செய்யக்கூடியவையுமாகிய, பிற கூட்டங்களோடு கலவாத உயிர்க்கூட்டமே சிற்றினம் என்பது அவர் கருத்து. இவ்வரையறையில் ‘செய்யக்கூடியவை’ என்னும் சொல்லே சிக்கலுக்கு இடமாகிறது. இருவேறு மலைகளில் வாழ்ந்து ஒருபோதும் சந்திக்காத இரு பறவைக் கூட்டங்கள், சந்தித்தால் கூடுமா கூடாதா என்பதை இயற்கையில் சோதித்தறிய வழியில்லை. மேற்குத்தொடர்ச்சி மலை இச்சிக்கலுக்குத் தக்க சான்றாகும்.

ஒரு பறவையின் பெயர் வரலாறு

உயர்மலைச் சோலைகளின் நிழலடர்ந்த தரையில் இரை தேடும் நீலநிறச் சிறு பறவை ஒன்றுண்டு. நீலகிரியில் வாழ்வதை 1840களில் ஜெர்டன் விவரித்தார். பழனி மலைப் பறவையை 1868இல் பிளான்போர்டு வேறாகப் பெயரிட்டார். நீலகிரிப் பறவையின் விலாப்புறம் செம்பழுப்பு. பழனிப் பறவையின் விலாப்புறம் சாம்பல் கலந்த நீலம். எனினும் பின்வந்தோர் இவ்வேறுபாட்டைச் சிறிதெனக் கருதி, இரண்டையும் ஒரே சிற்றினத்தின் கிளையினங்களாக அடக்கினர். 2005இல் ராஸ்முசென், ஆண்டர்டன் ஆகியோரின் தெற்காசியப் பறவை நூல் மீண்டும் இவற்றை இரண்டாகப் பிரித்தது.

ஒன்றா இரண்டா என்னும் இவ்வழக்கில் பெங்களூரு ஆய்வாளர்கள் புதிய சான்றுகளைக் கொணர்ந்தனர். வி.வி. ராபின், அனிந்திய சின்கா, உமா ராமகிருஷ்ணன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இப்பறவைகளின் மரபணுப் பிரிவுகள் மலைத்தொடரின் தொன்மையான இடைவெளிகளோடும் பழங்காலக் காலநிலையோடும் பொருந்துவதைக் காட்டியது. அவ்விடைவெளிகளுள் ஆழ்ந்த பிரிவை உண்டாக்கியது பாலக்காட்டுக் கணவாய். தெற்கே செங்கோட்டைக் கணவாயும் ஓர் எல்லையாக அமைந்தது.

2017இல் ராபின், பெங்களூருத் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன், அமெரிக்காவில் பணியாற்றிய சுஷ்மா ரெட்டி முதலியோர் மரபணு, உடலளவு, இறகு நிறம், பாடல் ஆகிய நான்கையும் ஒருங்கே ஆராய்ந்தனர். இப்பறவைகள் அதுவரை வைக்கப்பட்டிருந்த பேரினங்களைச் சாராத தனிக்கிளை என்பது தெளிவாயிற்று. ‘ஷோலிகோலா’ என்னும் புதிய பேரினப் பெயர் இடப்பட்டது. ‘சோலையில் வாழ்வது’ என்பது அதன் பொருள். ‘சோலை’ என்னும் தமிழ்ச்சொல் அதன் முதலுறுப்பு. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள பறவை, அசம்பு மலையின் பெயரால் ‘ஷோலிகோலா அஷாம்புயென்சிஸ்’ எனத் தனிச் சிற்றினமாயிற்று.

இனத்தோற்றத்தின் இயக்கம்

இச்சான்றுகள் இனத்தோற்றத்தின் ஒரு வழியைத் தெளிவாக்குகின்றன. குளிர்ந்த சோலைக்குப் பழகிய பறவை வெப்பமான தாழ்நிலத்தை எளிதில் கடப்பதில்லை. காலநிலை மாறுந்தோறும் சோலைகள் விரிந்தும் சுருங்கியும் வந்தன. மலைமுகடுகள் தீவுகள் போலாயின. கலப்பு நின்றபின், ஒவ்வொரு கூட்டத்திலும் மரபணு மாற்றங்கள் தனித்தனியே சேர்ந்தன. பாடலும் வேறுபட்டது. அண்மைக்காலக் காடழிப்பால் பிரிந்த கூட்டங்களைவிடத் தொன்மையான தடைகளால் பிரிந்த கூட்டங்களே பாடலில் மிகுதியும் வேறுபடுகின்றன என்பதை 2016இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. துணையை இனங்காணப் பாடல் உதவுவதால், பாடல் வேறுபாடு கலப்புக்குத் தடையாக வளரவும் கூடும்.

மொழி வரலாறு பயில்வோர்க்கு இது புதிதன்று. மேலைத் தமிழ் வழக்கு எந்நாளில் மலையாளமாயிற்று என ஒரு நாளைச் சுட்ட இயலாது. ஆயினும் இன்று அவை இருமொழிகள் என்பதில் ஐயமில்லை. டார்வினும் 1871இல் வெளியான தம் நூலில் மொழிகளின் தோற்றத்தையும் சிற்றினங்களின் தோற்றத்தையும் ஒப்பிட்டுள்ளார். எல்லைக்கோடு மங்கலானது என்பதால் எல்லையே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் மொழிகள் பிரிந்த பின்னும் தடையின்றிக் கடன் கொள்கின்றன. உயிர்களிடையே அத்தகைய கொடுக்கல் வாங்கல் குறைவு. ஒப்புமையை இவ்வளவோடு நிறுத்திக்கொள்வதே முறை.

முடிவுரை

பெயரீடு ஏட்டளவில் நிற்பதன்று. மூன்று மலைப்பகுதிகளின் பறவைகளும் ஒரே சிற்றினமானால், அசம்பு மலைச் சோலை அழிந்தாலும் அச்சிற்றினம் வேறிடத்தில் எஞ்சும். அவை மூன்று சிற்றினங்களாயின், ஒரு மலையின் இழப்பு மீட்கவியலாத இழப்பாகும். உயர்மலைகளில் தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் பரவியுள்ள நிலையில் இவ்வேறுபாடு பாதுகாப்புக் கொள்கையையே மாற்றக்கூடியது. சிற்றினம் என்பது ஒற்றை அளவுகோலால் அறுதியிடப்படும் பொருளன்று. தோற்றம், மரபணு, பாடல், நிலம் ஆகிய பல சான்றுகள் ஒருமுகமாகச் சுட்டும்போது நிறுவப்படும் ஒரு முடிவு எனலாம். அவ்வகையில் நிறுவப்பட்ட ஒரு பேரினம் தமிழ்ச்சொல்லைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. அப்பெயருக்குரிய சோலையும் நிலைத்திருத்தல் வேண்டும்.